எந்த மதகைத் திறந்தால் எந்தக் காடு நனையும்?

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறப்பதற்கான அரசாணை ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே வாசகத்துடன் வரும். ஒரு முறை பிரதான கால்வாயின் ஒற்றைப்படை மதகுகளுக்கும் சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயின் இரட்டைப்படை மதகுகளுக்கும் தண்ணீர் என்று இருக்கும். அடுத்த முறை ஒற்றை இரட்டையாகவும், இரட்டை ஒற்றையாகவும் மாறியிருக்கும். வெளியூர்க்காரர்கள் இதை அலுவலகச் சொற்கட்டு என்று கடந்துபோவார்கள். பெருந்துறை, நசியனூர், அறச்சலூர் பக்கத்துப் பாசனக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கோ, வயலில் (எங்கள் பேச்சில் காட்டில்) இந்த முறை நெல்லா, கடலையா, எள்ளா என்பதைத் தீர்மானிப்பதே அந்த ஒரு சொல்தான்.

பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டம் வரை செல்கிறது. அதன் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். முழு அளவில் திறந்தாலும் வினாடிக்கு 2,300 கன அடிதான் அதில் ஓடும். எல்லா நிலத்துக்கும் ஒரே பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்க இது போதாது என்பதால் ஆயக்கட்டு 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் தொடங்கும் நன்செய்ப் பருவமும் மறுபாதிக்கு ஜனவரியில் தொடங்கும் புன்செய்ப் பருவமும் ஒதுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறும். தலைமடைப் பாதி, கடைமடைப் பாதி என்று வாய்க்காலை நடுவில் வெட்டிப் பிரிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக மதகுகளைப் பிரித்ததில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றோடொன்று பிணைந்த நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பொருள்களின் தொகுதியை வலைப்பின்னல் என்கிறோம். மதகுகளும் குளங்களும் அப்படி ஒன்று; மின்நிலையங்களும் கம்பிகளும் ஒன்று; உயிரணுவுக்குள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இயங்கும் மரபணுக்கள் இன்னொன்று. ஒரு புள்ளியில் கைவைத்தால் மற்றப் புள்ளிகளில் என்ன நடக்கும் என்பதைக் கணிப்பதே கடினம். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: முழு வலைப்பின்னலையும் நாம் விரும்பும் நிலைக்குக் கொண்டுவர எத்தனை புள்ளிகளில் கைவைக்க வேண்டும், அவை எவை? கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் பாசன ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

முதலில், ஆளுதல் என்ற சொல்லுக்குக் கணிதத்தில் என்ன பொருள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கு ஒரு வரையறை தந்தார். ஒரு தொகுதி இப்போது எந்த நிலையில் இருந்தாலும், நாம் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் உள்ளீடு கொடுத்து, குறித்த காலத்துக்குள் நாம் விரும்பும் எந்த நிலைக்கும் அதைக் கொண்டுபோக முடியுமானால் அது ஆளத்தக்க தொகுதி. அப்படி முடியுமா முடியாதா என்று சோதிக்க அவர் எண்களின் அட்டவணையான அணியைக் கொண்ட ஒரு சோதனையையும் வகுத்தார். அந்தச் சோதனை விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் நன்றாகப் பொருந்தியது. பெரிய வலைப்பின்னல்களுக்கு அதைப் பயன்படுத்த முடியாமல் போனதற்குக் காரணம், ஒவ்வோர் இணைப்பின் வலிமையும் எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. எந்த வாய்க்காலில் எவ்வளவு கசிகிறது, எந்த மரபணு எதை எவ்வளவு தூண்டுகிறது என்பதையெல்லாம் துல்லியமாக அளந்து வைத்திருப்பவர் யார்?

1974-இல் சிங்-டாய் லின் இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழி காட்டினார். இணைப்புகளின் வலிமை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எது எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம் மட்டும் கையில் இருந்தால், அந்த வடிவத்தைக் கொண்டே தொகுதி ஆளத்தக்கதா என்பதை ஏறக்குறைய எல்லாச் சூழல்களுக்கும் சொல்லிவிடலாம் என்று அவர் நிறுவினார். அதற்கு இரண்டே நிபந்தனைகள். உள்ளீடு எட்டாத புள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்பது முதலாவது. யாருக்கும் எளிதில் விளங்கும். இரண்டாவது நிபந்தனை நுட்பமானது: எந்த இடத்திலும் ஒரு புள்ளிக் கூட்டத்தை, எண்ணிக்கையில் அதைவிடக் குறைவான புள்ளிகள் மட்டுமே இயக்குவதாக இருக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனையைப் புரிந்துகொள்ள இரண்டு குளங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைவாய்க்கால் இரண்டாகப் பிரிந்து, நடுவில் மதகு எதுவும் இல்லாமல், இரண்டு குளங்களுக்கும் போகிறது. தலைவாய்க்காலை எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும், எந்த நேரத்தில் திறந்து எந்த நேரத்தில் மூடினாலும், இரண்டு குளங்களும் சேர்ந்தே ஏறும். முதல் குளத்தை நிரப்பி இரண்டாவதைக் காய விடுவது என்பது தலைமதகில் நிற்பவனால் ஆகாத காரியம். அதே இரண்டு குளங்களை வேறு விதமாக அமைப்போம்: தண்ணீர் முதல் குளத்தில் விழுந்து, அதிலிருந்து இரண்டாவதற்குப் போகட்டும். இப்போது தலைமதகில் நிற்பவன் கையில் காலம் என்ற ஒரு கருவி வந்துவிடுகிறது. எப்போது எவ்வளவு விடுகிறான் என்பதைப் பொறுத்து இரண்டு குளங்களின் அளவையும் தனித்தனியாக மாற்ற அவனால் முடியும். தொடராக அமைந்த குளங்களுக்கு ஒரு கை போதும். கிளை பிரிந்த குளங்களுக்குப் பிரியும் இடந்தோறும் கூடுதலாக ஒரு கை வேண்டும்.

2011 மே மாதம் 'நேச்சர்' இதழில் யாங்-யூ லியூ, ழான்-ஜாக் ஸ்லோட்டின், ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தை முழு வலைப்பின்னல்களுக்கும் விரித்தது. அவர்கள் கையாண்ட முறைக்குக் கணிதத்தில் பொருத்தம் என்று பெயர். வலையின் புள்ளிகளை இனி கணுக்கள் என்போம். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல, ஒவ்வொரு கணுவும் தனக்கு அடுத்த கணுக்களில் ஒன்றுக்கு மட்டுமே பொறுப்பேற்கலாம், ஒரு கணுவுக்கு ஒருவர்தான் பொறுப்பாளராக இருக்கலாம் என்ற விதியோடு, வலைப்பின்னல் முழுவதும் இயன்ற வரை ஜோடி சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் பொறுப்பாளர் இல்லாமல் தனித்து நிற்கும் கணுக்கள் எத்தனையோ, அத்தனை இடங்களில் நாம் நேரடியாகக் கைவைக்க வேண்டும். அவற்றை இயக்கு கணுக்கள் என்று அழைக்கலாம். பத்துக் கணுக்கள் வரிசையாக நின்றால் இயக்கு கணு ஒன்றே ஒன்று. ஒரு மையமும் ஒன்பது கிளை நுனிகளும் இருந்தால், மையம் ஒரு நுனிக்கு மட்டுமே பொறுப்பேற்க முடியும் என்பதால், மையத்தையும் சேர்த்து ஒன்பது இயக்கு கணுக்கள் தேவைப்படும்.

இதிலிருந்து கிடைத்த முடிவுகளில் ஒன்று பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதிக இணைப்புகளைக் கொண்ட பெரிய கணுக்கள் பொதுவாக இயக்கு கணுக்களாக அமைவதில்லை. நெருக்கமாகவும் சீராகவும் பின்னப்பட்ட வலைகளை ஆள்வது எளிது. சில பெரிய கணுக்களும் ஏராளமான சிறிய கணுக்களுமாக அரிதாகப் பின்னப்பட்ட வலைகளை ஆள்வது கடினம். மரபணு ஒழுங்கமைப்பு வலைப்பின்னல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு கணுக்களை நேரடியாக இயக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது. மனிதர்களுக்கிடையிலான தொடர்பு வலைகளுக்கு அதைவிட மிகக் குறைந்த பங்கே போதுமானதாக இருந்தது.

பெரியதைப் பிடித்தால் எல்லாம் பிடிபடும் என்பது நம்மிடம் ஆழமாக ஊறிப்போன எண்ணம். ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் பெரிய தலைக்கட்டைப் பார்ப்பதும், சந்தையில் விலை மாற வேண்டுமென்றால் பெரிய வியாபாரியைப் பார்ப்பதும் அந்த எண்ணத்தால்தான். அது முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு வலையை உடைப்பதற்கோ, ஒரு நோய் அதன் வழியே பரவுவதைத் தடுப்பதற்கோ பெரிய கணுவைத் தாக்குவதே சரியான வழி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக நிறுவியுள்ளன. உடைப்பதும் நடத்துவதும் வெவ்வேறு வேலைகள் என்பதைத்தான் 2011-இன் ஆய்வு எடுத்துச் சொன்னது. பெரிய கணு எல்லோருக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்புகிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நகர்த்தும் ஆற்றல் அதனிடம் இல்லை.

திருப்பூரில் இந்த வேறுபாட்டை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். பின்னலாடைத் தொழில் என்பது ஒரே கூரையின் கீழ் நடக்கும் தொழிலன்று. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் வேறோரிடம், பவர்டேபிள் இன்னோரிடம் என்று ஜாப் ஒர்க் சங்கிலியாக அது ஓடுகிறது. நொய்யலில் கழிவு கலந்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலின் நிலையைப் பார்த்த யாரும் அந்த உத்தரவின் தேவையை மறுக்க மாட்டார்கள். அதன் நியாயத்தை நான் இங்கே விவாதிக்கவில்லை. வலைப்பின்னல் என்ற முறையில் அங்கே நடந்ததைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சங்கிலியின் நடுவில் ஒரு கட்டம் நின்றதும் நிட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லாம் தடுமாறின. அதே வேளையில் வலை வேறு வழியும் தேடிக்கொண்டது: துணி வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போய்ச் சாயமேறித் திரும்பியது, அனுமதியில்லாத பட்டறைகள் புதிய இடங்களில் முளைத்தன. நிறுத்த ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்குத் தொழிலை நகர்த்த, பட்டறை பட்டறையாக, குழாய் குழாயாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

கிளை நுனிகளின் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு, மேட்டுக்காடுகள் தலைமுறைகளாகக் காத்திருந்த அத்திக்கடவு – அவினாசித் திட்டத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழியும் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் மேலே தள்ளி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுத்தால் 1.5 டிஎம்சி. ஆறு நிலையங்கள்தானே, அவற்றின் மோட்டார்களை இயக்குபவர்களே முழுத் திட்டத்தையும் ஆள்கிறார்கள் என்று தோன்றும். வடிவத்தைப் பார்த்தால் அப்படியில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்கள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு குட்டையிலும் ஒரு நுனியாக முடிகின்றன. ஒரே குழாயிலிருந்து பிரியும் மூன்று குட்டைகளில் ஒன்று நிரம்பிவிட்டது, மற்ற இரண்டும் காய்ந்து கிடக்கின்றன என்றால், நீரேற்று நிலையத்தில் நிற்பவர் மோட்டாரை வைத்து எதுவும் செய்ய முடியாது. குட்டை தோறும் நீர் வரும் வாயில் வால்வும், நீரின் அளவைச் சொல்லும் கருவியும் வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். அது ஆடம்பரமன்று, கிளை பிரிந்த வலையின் வடிவம் கேட்கும் விலை.

பழைய நொய்யல் குளங்களை அமைத்தவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள். ஆற்றில் அணைக்கட்டு, அதிலிருந்து ராஜவாய்க்கால், வாய்க்காலில் குளம், அந்தக் குளத்தின் கலிங்கு வழிந்து அடுத்த குளம் என்று பல இடங்களில் தொடராகவே அமைத்தார்கள். அங்கே தலையில் ஒரு கை போதும். அதற்கும் ஒரு விலை உண்டு: முன்குளம் நிரம்பி வழியாமல் பின்குளத்துக்குச் சொட்டுத் தண்ணீரும் போகாது. இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலோ, அதன்மேல் ஒரு கட்டடம் எழுந்தாலோ, அதற்குக் கீழே உள்ள அத்தனை குளங்களும் ஆள்வாரற்றுப் போகும். கோவை நகருக்குள் இது நடந்து முடிந்திருக்கிறது.

இதுவரை சொன்ன கணக்குக்குக் கடுமையான மறுப்பும் எழுந்தது. அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தை விளக்குவது நேர்மையாகாது. 2012-இல் நோவா கோவனும் அவருடைய குழுவினரும் ஒரு குறையைச் சுட்டினார்கள். 2011-இன் கணக்கு, ஒவ்வொரு கணுவும் மற்றவை தள்ளினால் மட்டுமே மாறும், தானாக மாறாது என்பதுபோல எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பெரும்பாலான கணுக்களுக்குச் சொந்த இயக்கம் உண்டு. நம் குளங்களையே பாருங்கள்: யாரும் கைவைக்காமலே ஆவியாகியும் கசிந்தும் குறைகின்றன. ஒன்று செம்மண் தரையில் வேகமாகக் கசியும். இன்னொன்று களிமண் தரையில் மெல்லக் கசியும். இந்த வேறுபாடு இருந்தால், மதகு இல்லாமல் பிரியும் அந்த இரண்டு குளங்களையும்கூடத் தலைமதகில் நிற்பவன் தனித்தனி அளவுக்குக் கொண்டுவர முடியும். இரண்டையும் நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் வேகமாகக் கசிவது முதலில் இறங்கும். பிறகு கொஞ்சம் விட்டு, மீண்டும் காத்திருந்து, வேண்டிய அளவுகளைப் பிடிக்கலாம். இப்படிக் கணக்கிட்டால், எவ்வளவு பெரிய வலைக்கும் கொள்கையளவில் ஒரே ஓர் உள்ளீடு போதும் என்று கோவன் குழுவினர் காட்டினார்கள்.

ஒரு பக்கம் 80 விழுக்காடு, மறுபக்கம் ஒன்றே ஒன்று. இரண்டும் கணிதப்படி சரிதான் என்றால் நடைமுறையில் எதை நம்புவது? என் கணிப்பில், இந்தத் துறையில் உண்மையான தெளிவு பிறந்தது இந்த முரண்பாட்டிலிருந்துதான். இரண்டு குளங்களின் கசிவு வேகமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அளவுகளைப் பிரித்துக் காட்ட, மலையளவு தண்ணீரைக் கொட்டி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதே விடை; தாங்குமா என்ற கேள்விக்குத் தாங்காது என்பதே விடை. கால்மனின் சோதனை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அதன்பின் வந்த ஆய்வுகள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டு, இயக்கு கணுக்களைக் குறைக்கக் குறைக்கத் தேவைப்படும் ஆற்றல் மடங்கு மடங்காகப் பெருகி, எந்த மோட்டாராலும் எந்த மருந்தாலும் கொடுக்க முடியாத அளவுக்குப் போய்விடும் என்பதைக் கண்டன. 2013-இல் ஜீ சுன், அடில்சன் மோட்டர் இருவரும் இன்னொன்றையும் காட்டினார்கள்: கைகள் மிகக் குறைவாக இருக்கும்போது, இப்போதைய நிலைக்கு மிக அருகில் உள்ள ஒரு நிலைக்குப் போவதற்கும் தொகுதி வெகுதூரம் விலகிச் சுற்றிவிட்டு வர வேண்டியிருக்கும். பவானியிலிருந்து குமாரபாளையத்துக்குப் போக ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும். அந்தப் பாலம் இல்லாதவனுக்கு அதே தூரம் பெரும் பயணமாகிவிடும்.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு, கொள்கைக்கும் நடப்புக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் உடம்போடு தெரியும். எங்கள் பகிர்மான வாய்க்காலில் ஒரு மார்கழி இரவு இரண்டு மணிக்கு எங்கள் முறை வந்தது. மண்வெட்டியோடு போய் நேரத்துக்கு மடையை வெட்டிவிட்டேன். தண்ணீர் கிளைவாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடி வந்து, பத்துப் பதினைந்து அடிக்குள் மெல்ல நின்று, மண்ணில் இறங்கி மறைந்தது. மறுபடி ஓடி வந்தது, மறுபடி மறைந்தது. எங்கள் வயலின் வரப்பைத் தொடுவதற்கு முன் முறை நேரத்தில் கணிசமான பகுதி போய்விட்டது. கைவிளக்கோடு கரையில் வந்த லஸ்கர், அதாவது வாய்க்காலைக் கவனிக்கும் பணியாளர், நின்று பார்த்துவிட்டு, "தொறந்தவொடனே வந்துருமுங்களா? வாய்க்கா மொதல்ல குடிக்கோணும். அது குடிச்சு முடிச்சுத்தானுங்க உங்களுக்கு உடும்" என்றார். பிரதான கால்வாயிலும் இதே கதைதான்: அணையில் மதகு திறந்து பல நாட்கள் கழித்துத்தான் கடைமடையில் நீரோட்டம் நிலைப்படும், இன்றைக்கு ஒரு குறையைக் கண்டு மேலே திறப்பைக் கூட்டினால் அதன் பலன் கீழே வந்து சேரும்போது குறையின் உருவமே மாறியிருக்கும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிய அளவில் உண்டு. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று அணைகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கோத்து, மேற்கே ஓட வேண்டிய நீரைக் கிழக்கே திருப்பி, 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாக முறை வைத்துப் பாசனம் செய்யும் தொகுதி அது. கோத்த தொடர் என்பதால் சில இடங்களில் கைவைத்தே முழுவதையும் நடத்த முடிகிறது. கைகள் குறைவாக இருப்பதன் மறுபக்கத்தை 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பார்த்தோம். பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனது. வினாடிக்கு 20,000 கன அடி அளவில் தண்ணீர் யார் விருப்பத்துக்கும் காத்திராமல் வெளியேறியது. பல்லடம் பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் போட்டவருடைய அந்த ஆண்டுக் கணக்கு, கேரளத்து மலைக்குள் இருக்கும் ஓர் இரும்புச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாடு அந்த வலையிலும் ஒரு முக்கியமான கணு. மாறுமின்னோட்டக் கம்பிகளில் எந்தக் கம்பி வழியே எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று யாரும் ஆணையிட முடியாது; கம்பிகளின் மின்தடுப்புக்கு ஏற்ப அது தானே பிரிந்து ஓடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களில் வட இந்தியாவில் ஏற்பட்ட பெரும் மின்தடைகள் இப்படித்தான் நேர்ந்தன. பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் அளவுக்கு மீறிச் சுமந்து அறுபட்டதும், அதன் சுமை மற்றத் தடங்களில் ஏறி, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் மாநிலங்கள் இருளில் இருந்தன. தென்னக மின்தொகுப்பு அப்போது வடக்கோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடர்புகொண்டிருந்ததால் அந்த விழுகை நம்மைத் தொடவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர் – சோலாப்பூர் தடம் வழியாகத் தெற்கும் ஒரே தொகுப்பில் இணைந்தது.

இன்று புகளூர் மின்நிலையத்தில், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் முடிகிறது. அதன் திறன் 6,000 மெகாவாட். அளவைவிட அதன் தன்மைதான் முக்கியம் என்று கருதுகிறேன். மற்றக் கம்பிகளைப் போலல்லாமல், இதில் எவ்வளவு மின்சாரம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை நிலையத்தில் இருப்பவர்கள் நிர்ணயிக்கலாம். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வேகத்துக்கு உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காத்தாடிகள் எல்லாம் சுழன்று மின்சாரம் உபரியாகும்போது வடக்கே அனுப்பவும், காற்று நின்ற மாதங்களில் வடக்கிலிருந்து எடுக்கவும் அது வகைசெய்கிறது. வலையின் போக்கைத் தானே தீர்மானிக்கும் கம்பிகளுக்கு நடுவே, நம் கையில் இருக்கும் ஒரு மதகு அது.

வடிவத்தைக் கொண்டு மட்டும் செய்யும் கணிப்பு பலித்ததும் உண்டு. 302 நரம்பணுக்களை மட்டுமே கொண்ட ஓர் உருளைப்புழுவின் நரம்பு வலைப்படம் முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. எந்த நரம்பணுவை நீக்கினால் தசைகளின் மீதுள்ள ஆளுகை குறையும் என்பதை அந்தப் படத்தைக் கொண்டு கணித்து, லேசரால் அந்த அணுக்களை நீக்கிப் பார்த்து, 2017-இல் ஒரு குழு முடிவை வெளியிட்டது. அசைவோடு தொடர்பு இருப்பதாக அதுவரை தெரிந்திராத ஒரு நரம்பணுவை அந்தக் கணிப்பு சரியாகவே சுட்டியிருந்தது. அங்கே கணிப்பு பலித்ததற்கு, படம் முழுமையாகக் கையில் இருந்தது முதற்காரணம்.

நம் வலைகளில் படம் முழுமையாக இருக்கிறதா என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசுவது பற்றி ஆண்டுக்கணக்கில் விவசாயிகளே இரண்டு தரப்பாக நின்று வாதிட்டு வருகிறார்கள். கரைகள் பலமிழந்து கசிவதால் கடைமடைக்கு நீர் வந்து சேர்வதில்லை என்பது ஒரு தரப்பு. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறுகளும் குட்டைகளும் ஓடைகளும் உயிரோடு இருக்கின்றன என்பது மறுதரப்பு. பொறியியல் வரைபடத்தில் கசிவு என்பது இழப்பு; வழியில் தொலைந்துபோன ஓர் எண். கிணற்றுக்காரரின் வரைபடத்தில் அதே கசிவு ஓர் இணைப்பு. மறுமுனையில் ஒரு கணு இருக்கிறது, அதற்கு ஒரு குடும்பம் இருக்கிறது. இருவரும் சொல்வது உண்மை. கடைமடைக்காரரின் காய்ந்த வயலை எவரும் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் பூச்சு விழுவதற்கு முன், எந்த மைலில் கசியும் நீர் எந்தக் கிணறுகளுக்குப் போகிறது என்பதைக் கிணறு கிணறாக, பருவம் பருவமாக அளந்து படத்தில் ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணைப்பை அறுத்த பிறகு அது இருந்ததைக் கண்டுபிடிப்பதால் பயனில்லை.

மதகுகளை ஏன் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தார்கள் என்பதற்கும் நான் காணும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. தலைமடைப் பாதிக்கு மட்டும் ஒரு பருவம் முழுவதும் தண்ணீர் கொடுத்திருந்தால், கடைமடைப் பாதியில் வாய்க்காலே காய்ந்து கிடந்திருக்கும். ஒற்றை இரட்டையாகப் பிரித்ததால் எந்தப் பருவத்திலும் வாய்க்கால் முழு நீளத்துக்கும் நனைந்திருக்கிறது. முறை இல்லாத காட்டுக்கு இரு பக்கமும் முறை உள்ள காடு இருக்கிறது.

எங்கள் மதகு மூடியிருக்கும் ஆண்டுகளில், மேல்பக்கத்து மதகு திறந்து சில நாட்கள் ஆனதும் அப்பா காலையில் கிணற்று மேட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். உட்சுவரில், இறைப்பெட்டி உரசிய பழைய தடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கல்லிடுக்கு உண்டு. முதலில் அந்த இடுக்கைச் சுற்றி மண் கறுக்கும். இரண்டொரு நாளில் அதிலிருந்து விரல் அகலத்துக்கு ஓர் ஈரக்கோடு இறங்கும். அது இறங்கிவிட்டால், எங்கள் பெயருக்கு அரசாணை இல்லாத அந்தப் பருவத்திலும் அரை ஏக்கர் எள் போடலாம் என்று அவர் முடிவு செய்வார்.